மூன்று வாரக் கதாநாயகர்களும் ஒரு பெரிய பொய்யும்

கியானு ரீவ்ஸ் நடித்த ‘த ரீப்ளேஸ்மென்ட்ஸ்’ படம் வந்தது 2000 இல். அமெரிக்க உதைபந்தாட்ட லீக் ஒன்றில் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்குகிறார்கள். முதலாளிமார் எங்கெங்கேயோ கிடந்த ஆட்களைப் பொறுக்கி எடுத்து ஒரு ரீம் அமைக்கிறார்கள். காது கேளாத ஒருவர், சிறையில் இருந்து வந்த ஒருவர், சுமோ மல்யுத்தக்காரர் ஒருவர், எப்போதோ தோற்று ஒதுங்கிப்போன கியானு ரீவ்ஸ். இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஜெயித்துக் காட்டுகிறார்கள். நாங்கள் கைதட்டுகிறோம்.

சரி, வேலைநிறுத்தம் செய்கிற வீரர்கள் அந்தப் படத்தில் யார்? அவர்கள்தான் வில்லன்கள். பணத்திமிர் பிடித்தவர்கள், ஏழைப் பெடியன்மாரைத் தெருவில் மறித்து வம்புக்கு இழுப்பவர்கள். ஏன் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்பதற்குப் படம் மினக்கெட்டுப் பதில் சொல்வதே இல்லை. இன்னும் காசு வேணுமாம், அவ்வளவுதான்.

இந்தப் படம் 1987 இல் அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்ட லீக்கில், அதாவது என்.எஃப்.எல். இல், உண்மையாகவே நடந்த ஒரு வேலைநிறுத்தத்தைத் தழுவி எடுக்கப்பட்டது. (உதைபந்தாட்டம் என்பது பெயரில் மட்டும்தான். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, றக்பிக்குக் கிட்டத்தில் வருகிற விளையாட்டு.) அந்தப் பருவத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் சொல்வது இந்தப் படக் கதையைத்தான்: நட்சத்திரங்கள் முறுக்கிக்கொண்டு வெளியே போனார்கள், சாதாரண மனிதர்கள் உள்ளே வந்து கனவை வாழ்ந்தார்கள் எண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது முதலாளிமாரின் கதை. எளியவன் வெல்லும் கதை என்ற போர்வைக்குள் சுற்றி எங்களிடம் விற்கப்பட்ட கதை. போர்வையை ஒருக்கால் விலக்கிப் பார்ப்போம்.

முதலில், அவர்கள் கேட்டது என்ன?

1987 செப்டெம்பர் 22 அன்று, பருவத்தின் இரண்டு வாரங்கள் முடிந்த நிலையில், வீரர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். சங்கத்தின் தலைமையில் இருந்தவர் ஜீன் அப்ஷோ. ஓக்லண்ட் அணியின் பழைய வீரர், கறுப்பினத்தவர். அவர்களுடைய முதன்மையான கோரிக்கை சம்பள உயர்வு அல்ல. ஒப்பந்தம் முடிந்த பிறகு விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. அவ்வளவுதான்.

‘ஒப்பந்தம் முடிந்தால் போக வேண்டியதுதானே, யார் மறிச்சது?’ எண்டு நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சூட்சுமம். அந்த லீக்கில் ஒரு இளைஞன் எந்த அணிக்கு விளையாடுவது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. கல்லூரி முடிந்து வருகிறவர்களை அணிகள் வரிசையாக நின்று தெரிவு செய்யும். உன்னை எந்த அணி எடுத்ததோ, அந்த ஊருக்குப் போ. சில வருஷம் கழித்து ஒப்பந்தம் முடியும். அப்போதும் நீ சுதந்திரமானவன் இல்லை. வேறு அணி உனக்குச் சம்பளம் பேசினால், பழைய அணி அதே தொகையைக் கொடுத்து உன்னை மறித்து வைக்கலாம். மறிக்காவிட்டால், உன்னை எடுக்கிற அணி தன்னுடைய எதிர்காலத் தெரிவு வாய்ப்புகளைப் பழைய அணிக்கு நட்டஈடாகக் கொடுக்க வேண்டும். இந்த விலையைக் கொடுக்க யார் வருவான்? ஒருத்தரும் வரவில்லை. 1987 க்கு முந்திய பத்து வருஷத்தில் இந்த வழியால் அணி மாறியவர்கள் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். சட்டத்தில் கதவு இருந்தது. கதவுக்குப் பின்னால் சுவர் இருந்தது.

அதே நாட்டில் பேஸ்போல் வீரர்கள் 1975 இறுதியில் வந்த ஒரு நடுவர் தீர்ப்பின் மூலம் இந்த உரிமையைப் பெற்றுவிட்டார்கள். உதைபந்தாட்டக்காரர்களுக்கு மட்டும் இல்லை. இத்தனைக்கும் உடம்பு மிக விரைவாக உடைந்துபோகிற விளையாட்டு இதுதான். முழங்கால் போனால் முடிஞ்சுது. அந்த லீக்கில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழுமையாக உத்தரவாதம் அளிக்கப்பட்டவையும் அல்ல. அணி நினைத்தால் இடையிலேயே வெட்டி விடலாம். அதாவது அணிக்கு உன்னைத் துரத்தும் உரிமை இருக்கிறது, உனக்கு விட்டுப்போகும் உரிமை இல்லை. இதற்கு வேறு வேலைத்தளங்களில் என்ன பெயர் சொல்லுவோம்?

பேச்சுவார்த்தை மேசையில் டலஸ் அணியின் தலைவர் டெக்ஸ் ஷ்ராம் அப்ஷோவிடம் சொன்னதாகப் பரவலாகப் பதிவாகியிருக்கும் ஒரு விசயம் உண்டு. நீங்கள் மாடுகள், நாங்கள் பண்ணைக்காரர், எங்களுக்கு எப்போதும் வேறு மாடு கிடைக்கும் என்ற கருத்து. அன்றைக்கு அந்த லீக்கின் வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அணி முதலாளிமார் எல்லாரும் வெள்ளையர். தலைமைப் பயிற்சியாளர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. நவீன காலத்தின் முதலாவது கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் நியமிக்கப்பட்டது 1989 இல். இந்தப் பின்னணியில் வைத்து அந்த ‘மாடு’ என்ற சொல்லை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கோ.

‘ஆனாலும் அவங்கள் பணக்காரங்கள்தானே?’ இது எப்போதும் வரும் கேள்வி. 1987 இல் சராசரிச் சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 230,000 டொலர். சாதாரண அமெரிக்கத் தொழிலாளியோடு ஒப்பிட்டால் பெரிய காசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பருவத்தோடு தொடங்கிய மூன்று வருஷத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பெறுமதி ஏறக்குறைய 1.4 பில்லியன் டொலர். 28 அணிகள் அதைப் பங்கிட்டுக்கொண்டன. வீரனின் சம்பளம் பத்திரிகையில் வருகிறது, முதலாளியின் இலாபம் வருவதில்லை. ஆகவே எங்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிறவன் மேல்தான் பொறாமை வருகிறது. இந்தப் பொறாமை தற்செயலானது இல்லை. முதலாளிமாருக்குச் செலவில்லாமல் கிடைக்கிற ஆயுதம் அது.

அடுத்து, அந்த மூன்று வாரங்கள்.

1982 இலும் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 57 நாட்கள். போட்டிகள் நின்றன, பருவம் ஒன்பது ஆட்டங்களாகச் சுருங்கியது. முதலாளிமார் அதிலிருந்து ஒரு பாடம் படித்தார்கள்: போட்டியை நிறுத்தக்கூடாது. நாடும் மாறியிருந்தது. 1981 இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000 க்கும் மேற்பட்டவர்களை ஜனாதிபதி ரீகன் வேலையில் இருந்து நீக்கி, அந்த இடங்களுக்கு வேறு ஆட்களைப் போட்டார். அரசாங்கமே செய்தால் கொம்பனிகள் செய்யாதா? வேலைநிறுத்தக்காரர்களின் இடத்தில் வேறு ஆள் போடுவது அந்தத் தசாப்தத்தின் வழக்கமாகிவிட்டது. உதைபந்தாட்ட லீக் செய்ததும் அதையேதான், ஆனால் தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால், அணியின் சின்னத்தோடும் இசையோடும்.

ஒரு வாரப் போட்டிகள் இரத்தாகின. ஒக்டோபர் 4 ஆம் திகதி தொடங்கி மூன்று வாரங்கள் மாற்று வீரர்கள் ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் முடிவுகள் உண்மையான வெற்றி தோல்விகளாகக் கணக்கில் சேர்க்கப்பட்டன. தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. பார்வையாளர் தொகை விழுந்தது, ஆனால் ஒழியவில்லை. முதலாளிமாருக்குத் தேவைப்பட்டது அந்த ‘ஒழியவில்லை’ மட்டும்தான்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மாற்று வீரர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. தமிழில் வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்குக் ‘கருங்காலி’ எண்டு ஒரு சொல் இருக்கிறது. கோபமான சொல், நியாயமான சொல். ஆனால் அதை யார் தலையில் வைப்பது என்று யோசிக்க வேண்டும். வந்தவர்களில் பலர் அதே பருவத்தின் தொடக்கத்தில் அதே அணிகளால் கழித்துவிடப்பட்டவர்கள். வாஷிங்டனின் மாற்று அணியில் பந்து எறிந்த டோனி ரொபின்சன் சிறைத்தண்டனைக் காலத்தில் தற்காலிக அனுமதியில் வந்து விளையாடியவர். இவர்களுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கதவு திறந்தது, நுழைந்தார்கள். ஒன்றும் இல்லாதவனிடம் போய் ‘ஏன் ஒற்றுமையாக நிற்கவில்லை’ என்று கேட்கிற தகுதி எங்களுக்கு இல்லை.

அந்தச் சொல் பொருந்துவது வேறு ஆட்களுக்கு. சான் பிரான்சிஸ்கோவின் ஜோ மொன்டானா. டலஸின் ரொனி டோர்செட், ராண்டி வைற். நியூயோர்க்கின் லோரன்ஸ் ரெய்லர். அந்தக் காலத்தின் மிகப்பெரிய பெயர்கள். பெரும்பான்மையான வீரர்கள் வெளியே நிற்கையில் இவர்கள் மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். மரத்தை வெட்டுகிற கோடரிக்குக் காம்பு அதே மரம்தான் என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். ஒரு கிழமைச் சம்பளம் இல்லாவிட்டாலும் பட்டினி கிடக்கத் தேவையில்லாதவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, பெயர் தெரியாத ஒருவனைக் கருங்காலி என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை. படம் எங்களை எதிர்த்திசையில் பார்க்க வைக்கிறது: கோட்டைத் தாண்டாமல் நின்றவன் கெட்டவன், கூட்டி வரப்பட்டவன் நாயகன், கூட்டி வந்த முதலாளி வெறும் பின்னணி.

வேறு விதமாக நடந்திருக்க முடியாதா? நடந்தது. பிலடெல்பியாவில் ஒக்டோபர் 4 அன்று சிக்காகோவுடன் ஆட்டம். லொறிச் சாரதிகளின் சங்கத்தவர் வந்து மைதான வாசல்களில் வீரர்களோடு மறியலில் நின்றார்கள். 60,000 பேருக்கு மேல் இருக்கக்கூடிய மைதானம். உள்ளே இருந்தவர்கள் 4,074 பேர். அந்த அணியின் பயிற்சியாளர் பட்டி ரயன் தன் வீரர்களிடம் சொன்னது, உள்ளே போவதென்றால் எல்லாருமாகப் போங்கள், வெளியே நிற்பதென்றால் எல்லாருமாக நில்லுங்கள் என்பதுதான். மாற்று அணியை அவர் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அது மூன்று ஆட்டத்திலும் தோற்றது. திரும்பி வந்த வீரர்கள் தாங்கள் ஆடிய 12 ஆட்டங்களில் 7 ஐ வென்றும், மொத்தக் கணக்கு 7 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்து, இறுதிச் சுற்றுகளுக்குப் போக முடியவில்லை. ஒற்றுமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. பிலடெல்பியாவின் வெறும் கதிரைகளைப் பற்றி ஏன் ஹொலிவூட் படம் எடுக்கவில்லை?

படம் எடுக்கப்பட்டது வாஷிங்டனைப் பற்றி. (அப்போது அந்த அணி பூர்வகுடிகளை இழிவுபடுத்துகிற ஒரு பெயரை வைத்திருந்தது, 2020 இல்தான் கைவிட்டார்கள். நாங்கள் வாஷிங்டன் என்றே எழுதுகிறோம்.) வாஷிங்டனின் மாற்று வீரர்கள் மூன்று ஆட்டத்தையும் வென்றார்கள். மூன்றாவது ஆட்டம் ஒக்டோபர் 19, திங்கட்கிழமை இரவு, டலஸில். பங்குச்சந்தை சரிந்து விழுந்த அதே ‘கறுப்புத் திங்கள்’. எதிரே கோட்டைத் தாண்டி வந்த நட்சத்திரங்களோடு டலஸ். முடிவு 13 க்கு 7, வாஷிங்டன் வெற்றி. அபாரமான ஆட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கதை சொல்லுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். லீக்கிலேயே ஒரு வீரர்கூட மறியல் கோட்டைத் தாண்டாத அணி எது? அதே வாஷிங்டன்! அன்றிரவு டலஸை வென்றவர்கள் முழுக்க முழுக்க மாற்று வீரர்களாக இருந்ததற்குக் காரணம், வாஷிங்டனின் வழமையான வீரர்கள் ஒருத்தர் விடாமல் வெளியே நின்றதுதான். ‘தனித்தனி மனிதர்களின் கனவு’ என்று விற்கப்படுகிற கதையின் அடியில் இருப்பது ஒரு முழு அணியின் கூட்டு முடிவு.

இன்னொன்று. அந்த ஆட்டம் நடந்த நாளில் வேலைநிறுத்தம் ஏற்கனவே முடிந்திருந்தது. 24 நாட்களுக்குப் பிறகு, ஒக்டோபர் 15 அன்று, எந்தப் புது ஒப்பந்தமும் இல்லாமல் வீரர்கள் திரும்பி வந்தார்கள். முதலாளிமார் என்ன செய்தார்கள்? முதல் நாளோடு காலக்கெடு முடிந்துவிட்டது, இந்தக் கிழமை நீங்கள் ஆட முடியாது என்றார்கள். ஆகவே மூன்றாவது வாரமும் மாற்று வீரர்கள், வழமையானவர்களுக்குச் சம்பளம் இல்லை. தோற்று வந்தவனை வாசலில் ஒரு கிழமை நிற்க வைத்த அந்த இரவைத்தான் எங்களுக்கு ‘எளியவனின் வெற்றி’ என்று காட்டுகிறார்கள்.

வென்ற அந்த மாற்று வீரர்களுக்காவது நன்றி இருந்ததா? பெரும்பாலானவர்கள் உடனே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வாஷிங்டன் அந்தப் பருவத்தில் 11 வெற்றிகளோடு முன்னேறி சுப்பர் போல் கிண்ணத்தை வென்றது. அந்த 11 இல் 3 இவர்களுடையது. வெற்றி மோதிரம் இவர்களுக்குக் கொடுக்கப்பட்டது 2018 இல், 30 வருஷம் கழித்து. பண்ணைக்காரரின் கணக்கில் எல்லாருமே மாடுகள்தான், இதை இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

அந்தப் பருவத்துக்கு ஒரு நாயகன் வேண்டுமெண்டால், நாங்கள் ஒருவரைக் காட்டுகிறோம். டக் வில்லியம்ஸ்.

1978 இல் ரம்பா பே அணி அவரைத் தெரிவு செய்தது. அதற்கு முன் தொடர்ச்சியாக 26 ஆட்டங்கள் தோற்ற அணி அது. வில்லியம்ஸ் அதை ஐந்து பருவங்களில் மூன்று தடவை இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுபோனார். அவருடைய சம்பளம் 120,000 டொலர். மற்ற அணிகளில் மேலதிகமாக உட்கார்ந்திருந்த பந்தெறிபவர்கள் பலர் அதைவிடக் கூட வாங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்து 600,000 கேட்டார். முதலாளி ஹியூ கல்வர்ஹவுஸ் மறுத்தார். வேறு அணிக்குப் போகலாமா? மேலே சொன்ன சுவர் நினைவிருக்கிறதுதானே. லீக்குக்குள் அவருக்குப் போக இடமே இல்லை. யு.எஸ்.எஃப்.எல். என்று புதிதாக முளைத்த போட்டி லீக்குக்குப் போனார். அவர் போன அடுத்த பருவத்தில் ரம்பா பே 16 ஆட்டங்களில் 2 ஐ மட்டும் வென்றது. புது லீக்கும் மூன்று பருவத்தில் முடங்கியது. கடைசியில் 1986 இல் வாஷிங்டனுக்கு மேலதிக வீரராக வந்து சேர்ந்தார்.

1987 இல் சக வீரர்கள் எல்லாரோடும் அவரும் வெளியே நின்றார். திரும்பி வந்தார். பருவத்தின் முடிவில் முதன்மை இடம் அவருக்குக் கிடைத்தது. 1988 ஜனவரி 31, சான் டியேகோ, சுப்பர் போல். டென்வர் 10 க்கு 0 என்று முன்னால் நிற்க, இரண்டாவது கால்பகுதியில் மட்டும் வாஷிங்டன் 35 புள்ளிகள் எடுத்தது. அதில் நான்கு ரச்டவுன்கள் வில்லியம்ஸ் எறிந்த பந்தில் இருந்து. முடிவு 42 க்கு 10. சுப்பர் போலில் முதன்மைப் பந்தெறிபவராக இறங்கி வென்ற முதலாவது கறுப்பினத்தவர் அவர். ஆட்டநாயகன் விருதும் அவருக்கே.

வீரர்கள் எதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை விளக்கப் புத்தகம் தேவையில்லை, இந்த ஒரு மனிதரின் பத்து வருஷம் போதும். இவ்வளவு திறமையுள்ள ஒருவர் நியாயமான சம்பளம் கேட்டதற்காக ஒரு லீக்கை விட்டே வெளியேற வேண்டி வந்தது. இந்தக் கதையை விட்டுவிட்டு ஒரு கற்பனைப் பந்தெறிபவனுக்கு எங்களைக் கைதட்ட வைத்தது யாருடைய தெரிவு?

‘எண்டாலும் வேலைநிறுத்தம் தோற்றதுதானே?’ ஓம், தோற்றது. 24 நாளில் முறிந்தது. ஆனால் திரும்பி வந்த அதே நாளில் சங்கம் லீக்குக்கு எதிராக வழக்குப் போட்டது. அது முன்னே போய்ப் பின்னே வந்து, முதலாளிமாருக்குச் சாதகமாக ஒரு மேன்முறையீட்டுத் தீர்ப்பும் 1989 இல் வந்தது. சங்கம் இருக்கும்வரை நீதிமன்றத்தில் வெல்ல முடியாது என்ற நிலை வந்தபோது, சங்கம் தன்னுடைய பேரம்பேசும் தகுதியைத் தானே கைவிட்டது. அதற்குப் பிறகு ஃப்ரீமன் மக்நீல் முதலான வீரர்கள் தொடுத்த வழக்கில், 1992 செப்டெம்பரில், மினியாபொலிஸ் நகர ஜூரிகள் லீக்கின் கட்டுப்பாடுகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்து வீரர்கள் சார்பில் வழக்குப் போட முன்வந்தவர் ரெஜி வைற். பிலடெல்பியாவின் வெறும் மைதானத்துக்கு வெளியே நின்ற அதே அணிக்காரர். 1993 இல் லீக் இணங்கியது. ஒப்பந்தம் முடிந்தவர் போகலாம். அந்த உரிமையைப் பயன்படுத்திய முதலாவது பெரிய பெயரும் ரெஜி வைற்தான். நான்கு வருஷத்துக்கு 17 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் கிறீன் பே அணிக்குப் போனார்.

அது சொர்க்கம் இல்லை. உரிமையோடு சேர்த்து அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பும் 1994 இல் இருந்து வந்தது. வெட்டிவிடக்கூடிய ஒப்பந்தங்களும் தொடர்ந்தன. ஆனால் அந்தச் சுவரில் கதவு உடைக்கப்பட்டது. உடைத்தவர்கள் 1987 இல் ‘தோற்றவர்கள்’. இன்றைக்கு அந்த லீக்கில் பல மில்லியனுக்கு அணி மாறுகிற ஒவ்வொரு இளைஞனும், படத்தில் வில்லனாக வருகிற அந்த மனிதர்களுக்குக் கடன்பட்டிருக்கிறான்.

எங்களுக்கு எளியவன் வெல்லும் கதைகள் பிடிக்கும். பிடிக்கத்தான் வேணும். அந்தப் பிடிப்பையே எங்களுக்கு எதிராகத் திருப்புகிற வித்தையைத்தான் எதிர்க்கிறோம். இரண்டு தொழிலாளிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒருவனை ‘பேராசைக்காரன்’, மற்றவனை ‘கனவு காண்பவன்’ என்று பெயர் சூட்டி, நடுவில் கல்லாப்பெட்டியை வைத்துக்கொண்டு இருக்கிறவனைக் காட்டாமல் விடுகிற வித்தை அது. உதைபந்தாட்டத்தில் மட்டும் நடப்பதில்லை. அடுத்த முறை ஏதாவது ஒரு வேலைநிறுத்தச் செய்தியில் ‘இவங்களுக்கு ஏற்கனவே நல்ல சம்பளம்தானே’ என்ற கொமன்ட் கண்ணில் பட்டால், மூன்று கேள்வி கேளுங்கோ. அவர்கள் உண்மையில் கேட்பது என்ன? அவர்களுக்குப் பதிலாகக் கொண்டுவரப்படுகிறவனுக்கு நாளைக்கு என்ன நடக்கும்? இதை எங்களுக்குக் கதையாகச் சொல்லுகிறவன் யாருடைய சம்பளத்தில் இருக்கிறான்?

பதில் கிடைத்த பிறகு யாருக்குக் கைதட்டுவது என்பதை நீங்களே தீர்மானியுங்கோ.